வேண்டாம் கட்சி

1933 பிப்ரவரி 10, வெள்ளி

இன்று பள்ளிக்கூடத்துச் சாகித்ய சமாஜத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். வருஷக் கடைசி விவாதம். பெற்றவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போகிறது என்பதால் தமிழ் சொல்லிக் கொடுக்கும் முன்ஷிக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைப்பு: ‘பெண்களுக்கு ஹைஸ்கூல் படிப்பு வேண்டுமா?’ எங்கள் மூன்றாம் பாரம் வகுப்பில் மொத்தம் நாலு பெண்கள். நாலு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்!

எனக்கு வந்த சீட்டில் ‘வேண்டாம்’. ‘வேண்டும்’ என்று பேச வேண்டியவன் என் மாமன் மகன் சின்னமுத்து. நாலு பேர் முன்னால் நின்றால் அவனுக்குச் சொந்தப் பேரே மறந்துபோகும்.

மாற்றிக் கொடுங்கள் என்று முன்ஷியிடம் கேட்டேன். “வக்கீல் எந்தக் கட்சிக்கும் பேசறதில்லையா சாந்தம்மா? நீயும் பேசு” என்றார். வக்கீலுக்கென்ன, பேசிவிட்டு வீட்டுக்குப் போவார். என்னை நாலாம் பாரத்துக்கு அனுப்புவதா இல்லையா என்று அப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லையே.

பிப்ரவரி 15

‘வேண்டும்’ என்பதற்கு எழுபது காரணம் தோன்றுகிறது. ‘வேண்டாம்’ என்பதற்கு ஒன்றுகூட வரவில்லை. சித்தப்பாவைக் கேட்டேன். வெற்றிலை மென்றுகொண்டே ஒரே மூச்சில் ஒன்பது சொன்னார். எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்.

ஹால் நிறையத் தலைப்பாகை. அப்பா மூன்றாம் வரிசையில், சலவை வேட்டியோடு. சித்தப்பாவின் ஒன்பதும் சாதாரணமாகத்தான் போயிற்று. கடைசியில் என் வாயில் தானாக ஒன்று வந்தது: “கட்டிக் கொடுத்து அனுப்பப்போகிற பெண்ணைப் படிக்க வைப்பது, அடுத்தவன் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது!” வாய்க்கால் தண்ணீருக்கு மண்டையை உடைத்துக்கொள்கிற ஊரில் இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்? கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டினார்கள்.

சின்னமுத்து எழுந்தான். “பெண்கள்...” என்றான். பிறகு மறுபடியும் “பெண்கள்...” என்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கைதட்டு எனக்கு இனிக்கத்தான் செய்தது.

பிப்ரவரி 25

காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். இப்படி அவர் உட்கார வைத்ததே கிடையாது.

“ஏனம்மிணி, உன்னை மேல படிக்க வெக்கறதா வேண்டாமான்னு ஆறு மாசமா ரோசனை பண்ணிட்டுக் கெடந்தேன். நீயே சபையில சொல்லிப்போட்டே. எனக்குப் பாரம் எறங்குச்சு சாமி.”

அது போட்டிங்கப்பா, சீட்டில் வந்ததுங்க என்றேன். சிரித்தார். வெட்கப்படுகிறேனாம்!

ஐயோ, என் வாயில் மண்ணு விழ. என்ன காரியம் பண்ணிப்போட்டேன்!

மார்ச் 4

முன்ஷியைக் கெஞ்சி வீட்டுக்கு வரவழைத்தேன். பாவம், எங்கள் ஊர் பெருமாட்டி வரைக்கும் வெயிலில் நடந்து வந்தார். அப்பா கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு மோர் கொடுக்கச் சொன்னார்.

“அது சீட்டுல வந்த கட்சிங்க. அந்தப் பொண்ணு மனசுல இருக்கறது அது இல்லைங்க” என்றார் முன்ஷி.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப மனசுல இல்லாததைச் சபையில பேசறதுக்குங்களா அங்க சொல்லிக் குடுக்கறீங்க?”

“அப்படி இல்லைங்க...”

“அதுக்குப் பரிசு வேறீங்களா?”

முன்ஷி இரண்டாவது டம்ளர் மோரும் குடித்துவிட்டுப் போனார். நான் பேசியது உண்மையென்றால் படிப்பை நிறுத்த வேண்டும். பொய்யென்றால் பொய் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்குப் போகவே கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவைச் சாத்தியாயிற்று. அப்பாவும் சீட்டு எடுத்திருந்தால் எனக்குப் பரிசு கிடைத்திருக்காது.

மார்ச் 9

நான் படிப்பை நிறுத்துவதை உறம்பரை, சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. வருகிறவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். தங்கை ராமுத்தாய் மட்டும், “அக்கா, உனக்கு யோகம்” என்கிறாள். அவள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஸ்லேட்டைப் பார்த்தாலே வயிறு வலிக்கிற ரகம்.

மார்ச் 14

வழி ஒன்று தெரிகிறது.

31ஆம் தேதி பள்ளிக்கூட வார்ஷிக விழா. பெரிய அதிகாரி வருகிறாராம். ஆகையால் பெண்கள் பிரார்த்தனைப் பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம், பிரசங்கம் பையன்களுக்குத்தான். பந்தலுக்குத் தென்னங்கீற்று முழுக்க மாமா கொடுக்கிறார். ஆகையால் மூன்றாம் பாரத்தின் பிரசங்கி யார்? சின்னமுத்து.

அவனைக் கிணற்றடியில் பிடித்தேன். “நான் எழுதித் தர்றேன். நெட்டுருப் போட்டு ஒப்பிச்சாப் போதும். பெண்கள் படிக்கணும்னு.”

“அன்னைக்கு நீதானே புள்ளே வேண்டாம்னே?”

இவனும்!

மார்ச் 22

பரீட்சை நடுவிலும் பாடம் நடக்கிறது. சின்னமுத்து கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டே ஒப்பிக்கிறான். காளைகள் முன்னால் போகும்போது ஒரு வரி, பின்னால் வரும்போது ஒரு வரி. காளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டது. இவனுக்கு இன்னும் இல்லை.

மார்ச் 31, வெள்ளி

பேசிவிட்டான்! ஒரு வார்த்தை தவறவில்லை. இடையில் இரண்டு தடவை “ஹை, ஹை” என்றான். உற்சாகம் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுதிய இடம் வந்தது: “அடுத்தவன் தோப்புக்குப் பாய்கிற தண்ணீர் என்று சொன்னார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மண்ணுக்குள் இறங்குகிறது. நம் கிணற்றிலும் அதுதான் ஊறுகிறது.” பாட்டுப் பாடிய பெண்களோடு ஓரமாக நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டால் கண்ணைத் துடைத்தார். பெரிய அதிகாரி சின்னமுத்துவுக்கு ஓர் அகராதி கொடுத்தார். அதை வைத்து அவன் என்ன செய்வான் என்று தெரியவில்லை.

எனக்கென்ன அதைப் பற்றி? அப்பா அழுதார். நாலாம் பாரம், நாலாம் பாரம்!

ஏப்ரல் 1

அப்பா என்னையும் அம்மாவையும் கூப்பிட்டார்.

“சின்னமுத்து சொன்னது நூத்துக்கு நூறு நாயம். தண்ணி மண்ணுக்குள்ளதான எறங்குது? இத்தனை வருசம் வெள்ளாமை பண்ணி எனக்கு இது தோணலை பாரு. பொம்பளைப் புள்ளைகளைப் படிக்க வெக்கோணும்.”

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அதனால ராமுத்தாயை ஜூன்ல ஹைஸ்கூல்ல சேத்திப் போடலாம்.”

“நான்?” என்றேன்.

“நீ எப்பிடி அம்மிணி? வேண்டாம்னு ஊரு கூடியிருந்த சபையில சொன்னவ நீ. மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசிப்போட்டு, அடுத்த நாள் இல்லைன்னு சொல்றதா? என்ற மகளுக்கு ரெட்டை நாக்குன்னு நாலு பேர் பேசறதுக்கா?”

அது நான் எழுதினதுங்கப்பா, ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதினதுங்க. சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. “பொறாமை ஆகாது கண்ணு. அவன் உனக்கு மாமன் மகன்.”

ஏப்ரல் 2

சோறு இறங்கவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 29

பரீட்சையில் ஜெயித்தவர்கள் பட்டியலை முன்ஷி சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்றாம் பாரத்தில் நான் முதல். சின்னமுத்து கணக்கில் தோல்வி. மறுபடியும் மூன்றாம் பாரம் போகிறான். தோற்றவனுக்குப் பள்ளிக்கூடம், ஜெயித்தவளுக்கு அடுப்படி. போன வாரம் அகராதியை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்தேன்.

ஜூன் 5, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. மழை பிசுபிசுவென்று தூறுகிறது. விடிந்ததிலிருந்து ராமுத்தாய் தூணைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. “எனக்கு வேண்டாம், அக்கா போகட்டும்!” அம்மா முதுகில் இரண்டு வைத்துப் பார்த்தாள். அப்பா பொரிவிளங்காய் உருண்டை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். வாசலில் வண்டி பூட்டி நிற்கிறது. கடைசியில் அப்பா என்னிடம் வந்தார்.

“அம்மிணி, நீ சொன்னாத்தான் கேப்பா. படிப்பைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்பு சாமி. உன்னாட்டப் பேசறதுக்கு இந்த ஊட்டுல ஆரு இருக்கறா?”

அவளை உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டே பேசினேன். கால் மணி நேரம் இருக்கும். அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.