பின்வீட்டுக்கு ஆள் கிடைச்சாச்சு

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிக்குங்க.

கூடுதல் வருமானம் வரும்னு கொல்லையில கட்டினீங்களே ஒரு குட்டி வீடு, அதுக்கு ஆள் கிடைச்சாச்சு. நேத்து பார்க்க வந்த நர்ஸ் பொண்ணுகிட்ட, "ஆணி அடிக்கக் கூடாது, நெடி வரச் சமைக்கக் கூடாது, சத்தமா சிரிக்கக் கூடாது"ன்னு நீங்க அடுக்கினதுல, பாவம், செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடிருச்சு.

இந்த ஆளைப் பத்திக் கவலையே வேண்டாம். உங்க சட்டதிட்டத்துக்கெல்லாம் தலையாட்டியே இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவ.

நான்தான். பெட்டியோட போயிட்டேன்.

பி.கு.: பிரஷர் மாத்திரையை மறந்துடாதீங்க.

இன்னொண்ணு: பேசணும்னா வாங்க. வீட்டுக்காரரா இருந்தாலும் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும்.

கொல்லைப் பக்கம் 'டொக் டொக்'னு சத்தம் கேட்டா பதறாதீங்க. ஆணி அடிக்கிறேன்.