முடுக்கில் ஆள் நடமாட்டம் உண்டு

786

குளச்சல்,
கொல்லம் 1110 ஐப்பசி, ரஜப் பிறை 20

என் கண்மணி மகன் யாக்கூபுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. கொழும்பில் நீ அல்லாஹ்வின் காவலில், உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதே ஐந்து வக்துத் தொழுகையிலும் என் துஆ. இங்கே வாப்பாவும் நானும் உன் தங்கை ஜொஹராவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் மகனே எனக்குச் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, பயம். சோறு இறங்கவில்லை, தொழுகையில் நின்றால் எத்தனை ரக்அத் ஆயிற்று என்று மறந்துபோகிறது. வாப்பாவிடம் சொன்னால் அவரும் பயந்துவிடுவார், அதனால் எனக்குத் தெரிந்த அறபு எழுத்தில் தமிழை வைத்து நானே உனக்கு எழுதுகிறேன், கோணல் மாணலாக இருந்தாலும் பொறுமையாகப் படி.

மணவாளக்குறிச்சியிலிருந்து கறுத்த மணலை மாட்டுவண்டியில் கொண்டுவந்து நம் துறையில் கப்பலுக்கு ஏற்றுகிறார்கள் அல்லவா, இனிமேல் அது மோட்டார் லாரியில் வருமாம். கடைத்தெரு வளைவில் லாரி திரும்பாதாம், ஆகையால் துறைக்கு நேராக ஒரு புது ரோடு வெட்டச் சர்க்காரில் பிளான் போட்டு, ஊரார் பார்த்து ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று ஜமாஅத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் ஆண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பலசரக்குக் கடை பாவாவுக்கு வாயெல்லாம் பல், லாரிக்காரர்கள் தன் கடையில்தான் சாயா குடிப்பார்கள் என்று இப்போதே பெஞ்சுக்குச் சொல்லிவிட்டாராம். நிதானமாகப் பார்ப்போம் என்று வாப்பா அதை வீட்டுக்கு வாங்கிவந்து பாயில் விரித்தார். நானும் குனிந்து பார்த்தேன். பள்ளிவாசல் இருந்தது, துறை இருந்தது, நம் வீடுகூடச் சின்னப் பெட்டியாக இருந்தது. ரோடு எது என்று கேட்டேன். வாப்பா விரல் வைத்துக் காட்டினார். மகனே, அந்த விரல் இருந்தது நம் முடுக்கின் மேலே.

நீ ஆண்பிள்ளை, விவரம் தெரிந்த நாளோடு அந்தப் பக்கம் வராமல் நின்றவன், மறந்திருப்பாய். இரண்டு வரிசை வீடுகளின் பின்வாசல்களுக்கு நடுவே ஓடுகிற மணல் பாதைதானே அது. தெருவில் இறங்காத பெண்கள் நாங்கள் எல்லோரும் நடப்பது அதிலே. நல்ல தண்ணீர்க் கிணறு அதிலே, பிரசவ வீட்டுக்கும் சாவு விழுந்த மையித்து வீட்டுக்கும் போவது அதிலே. ஜொஹராவைக் கட்டிக்கொடுத்த வீடு முடுக்கின் மறு கோடியில் இருந்ததால்தான் அந்தச் சம்பந்தத்துக்கே நான் தலையாட்டினேன். அவளுக்கு இது எட்டாம் மாதம், தலைச்சன் பிள்ளை. லாரி ஓடத் தொடங்கினால் பின்வாசல்களை அடைத்துவிட வேண்டியதுதான். பிறகு என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பொழுது இருட்டி, ஆண் துணை ஒன்று கிடைத்து, தெரு சுற்றிப் போக வேண்டும். பட்டப்பகலில் அவளுக்கு வலி எடுத்தால் அவள் கூப்பிடுவது என் அடுக்களைக்குக் கேட்கும், நான் போக முடியாது.

அந்த இடத்துக்குப் பிளானில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். ஆள் நடமாட்டம் இல்லாத வெற்றிடம் என்று இருக்கிறதாம். கிணற்றுக்குப் பாழ்க்கிணறு என்று பெயர். அளந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை மகனே. சங்கிலியோடு ஆட்கள் வருகிறார்கள் என்று பள்ளிவாசலிலிருந்து சொல்லிவிட்டதும் நாங்கள் எப்போதும் செய்வதைத்தான் செய்தோம். பின்வாசல்களைத் தாழிட்டோம், கொடியில் கிடந்த துணியைச் சுருட்டினோம், அவரவர் கயிறும் தோண்டியும் அவரவர் வீட்டுக்குள் போயிற்று, அழுத பிள்ளைகள் வாயில் கருப்பட்டியைத் திணித்தோம். அவர்கள் அளந்து முடிக்கும்வரை ஓர் இருமல் சத்தம்கூட வெளியே போகவில்லை. எவ்வளவு அடக்கமான பெண்கள் என்று பள்ளிவாசல் லெப்பை மெச்சினாராம். கயிறே இல்லாத கிணற்றைப் பாழ்க்கிணறு என்று எழுதாமல் அந்த மனிதர்கள் வேறு என்ன எழுதுவார்கள்.

ஆட்சேபம் சொல்ல வாப்பாவும் ஜமாஅத்தாரும் தாலுகா கச்சேரிக்குப் போனார்கள். தாசில்தார் நல்ல மனிதர் போலிருக்கிறது, உட்காரச் சொல்லிக் கேட்டாராம். அங்கே பெண்கள் நடப்பதை உங்கள் கண்ணால் பார்த்ததுண்டா என்று அவர் கேட்க, வாப்பா, அந்த மண்ணுல நான் காலு வச்சதே இல்ல, ஆம்பிளைக யாருமே வைக்க மாட்டோம் என்றாராம். கூடப் போனவர்களும் மார்தட்டி அதையே சொன்னார்களாம். உண்மையைச் சொல்லியே காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தார்கள். அப்படியானால் நடக்கிறவர்களே சொல்லட்டும், பெண்கள் கச்சேரிக்கு வர வேண்டாம், நானே அந்த இடத்துக்கு வந்து பார்த்து, சொல்கிறவர் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்று அவர் நாள் குறித்துவிட்டார். அது நாளைக் காலை.

ஊரில் இப்போது இதே பேச்சு. நம்ம பொம்பளையள ஆபீசருக்கு முன்ன நிறுத்துததவிட ரோடு போட்டும் என்று பாவா சொல்ல, பாதிப் பேர் சரி என்றார்களாம். கிணற்றடியில் நாங்கள் பேசிக்கொண்டபோது ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் வருகிறோம் என்றார்கள். வீட்டுக்குப் போனபின் ஒவ்வொருத்தியாக ஆள் விட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள், ஒருத்திக்கு இடுப்புவலி, ஒருத்தி வீட்டில் விருந்தாள். ஜொஹராவின் மாமியார் ஹபீபா பீவி மட்டும் நேரில் வந்து என் கையைப் பிடித்து அழுதாள். நான் வந்தா எனக்க மவன் வீட்ட விட்டு எறங்கிப் போவேங்கான், நான் என்ன செய்ய என்றாள். அவள் மகன் இன்னொன்றும் சொன்னானாம், ஜொஹராவின் உம்மா நாளை அங்கே நின்றால் ஜொஹராவும் வயிற்றோடு அவள் உம்மா வீட்டுக்கே போகட்டும் என்று. நின்றாலும் மகளுக்குக் கேடு, நிற்காவிட்டாலும் மகளுக்குக் கேடு. நான் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஜொஹராவே முடுக்கு வழியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, உம்மா, நீ போ, அவரு ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாரு, ரோடு வந்தா எப்பளும் கஷ்டம்லா என்றாள். நானும் வாறேன் என்று பிடிவாதம் வேறு. உனக்கு ஒன்று ஆனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சத்தம்போட்டு அனுப்பினேன்.

ஆகவே நாளை நான் ஒருத்திதான். துப்பட்டியால் நன்றாக மூடிக்கொண்டு, என் கயிற்றையும் தோண்டியையும் எடுத்துப் போய், தினமும் இறைப்பதுபோல் தண்ணீர் இறைக்கப் போகிறேன். கேட்டால் சொல்வேன். குரல் வருமா, வராதா, தெரியவில்லை. ஒருத்தி நடந்தால் அதை ஆள் நடமாட்டம் என்று எழுதுவார்களா? மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? தாழிட்ட கதவுகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்றா சொல்வேன்? உன் வாப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இன்று அசர் தொழுதுவிட்டு வந்தவர், ஏட்டி, கெணறு நம்ம பின்வாசலுக்கு எடத்த பக்கமா, வலத்த பக்கமா என்று கேட்டார். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தாடி நரைத்த மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. எதுக்குக் கேக்கிய என்றேன். ஆபீசர் கூட நானும் வரவேண்டாமா என்றார்.

மகனே, பிரசவத்துக்கு முன்னே லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. மழைக்காலம், தலையில் ஈரத்தோடு படுக்காதே, ஜும்ஆவை விட்டுவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக, ஆமீன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே ஊர்ப்பேச்சு அங்கே வந்து சேர்ந்திருக்கும். புறக்கோட்டையில் நம் ஊர் ஆட்கள் கூடுமிடத்தில், எலே யாக்கூப், ஒனக்க உம்மா ஆபீசருக்கு முன்ன நின்னு பேரு சொன்னாளாமே என்று யாராவது கேட்பார்கள். நாலு பேர் நடுவில் நீ தலையைக் குனிந்துவிடுவாயோ என்று நினைக்கும்போதுதான், தாசில்தாரை நினைத்து வருவதைவிடப் பெரிய பயம் வருகிறது. குனியாதே மக்கா. ஆமா, எனக்க உம்மாதான் என்று சொல், அது போதும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
சுலைகா பீவி