கேம்ப் லைனைக் கழற்றிய வாரம்

ஜூன் 11, 1968. செவ்வாய். பாராடாங் தீவு.

விடியும் முன்பே மழை. சட்டை ஒன்றும் காயவில்லை. அரிசியில் வண்டு.

லைன்மேன் எனக்கு ஃபாரஸ்ட் ரேஞ்சரின் உத்தரவு: கடற்கழியோரத்துக் கிரீக் கேம்பில் மரவேலை முடிந்தது, அந்த டெலிபோன் லைனைக் கழற்று, டெலிபோனைக் கொண்டு வா. ஒரே கம்பிதான். ஆபீஸ், மரம் அறுக்கும் மில், டிஸ்பென்சரி, கடைசியில் கேம்ப். ஓர் இடத்தில் ரிசீவரை எடுத்து வைத்தாலும் மற்ற இடங்களுக்கும் கேடு. மணி சரியாக அடிக்காது.

கழற்றும் முன் கேம்புக்குச் சொல்ல வேண்டும். கைப்பிடியைச் சுற்றினேன். கனத்தது. யாரோ ரிசீவரை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கேம்பில் இப்போது சூசை மட்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். தண்ணீரில் மிதக்கும் கட்டைகளுக்குக் காவல். மனைவி செசிலி போன வாரத்திலிருந்து காய்ச்சலோடு டிஸ்பென்சரியில்.

ஜூன் 12. புதன்.

பேய்க்காற்று. படகுக்காரன் நிதாய் தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினான். "ஆஜ் நஹீ, பாபு." இன்றைக்கு முடியாதாம்.

மில்லில் கம்பியைப் பிரித்துச் சோதித்தேன். பழுதில்லை. டிஸ்பென்சரியிலும் இல்லை. அப்படியானால் கேம்ப்தான்.

கம்பவுண்டர் குட்டன் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "செசிலிக்கு நெலமை மோசம். புருஷனை வரச் சொல்லணும். காலையில இருந்து சுத்துறேன், ஜவாப் இல்ல."

செசிலி விழித்திருந்தாள்.

"அவுககிட்ட பேசினியளாண்ணே?"

"லைன் சரியாகட்டும்மா."

"அவுகளுக்கு அதச் சுத்தத் தெரியாது. கேம்ப் கிளார்க்குதான் சுத்துவாரு. அவரு வேல முடிஞ்சு போயிட்டாரு."

ரிசீவரைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மழை. ஓலைக் கூரையில் விழும் மழை, அவ்வளவு தெளிவாக. "சூசை! சூசை!" என்று கத்தினேன். மழை மட்டும். சாயங்காலம் அதுவும் கேட்கவில்லை.

ரேஞ்சர் சாஹிப்: "காட் தோ!" வெட்டிவிடு என்கிறார். வெட்டினால் மற்ற மூன்றும் பிழைக்கும். சூசைக்குச் செய்தி போக வழியே இருக்காது. நாளை வரை கேட்டேன். முகத்தைச் சுளித்தார். விட்டார்.

ஜூன் 13. வியாழன்.

நிதாய் ஒருவழியாக ஒப்புக்கொண்டான். கிரீக் முழுக்கக் கலங்கல். கரையோரம் மரத்துக்கு மரம் என் கம்பி. எங்கும் அறுபடவில்லை.

குடிசை திறந்து கிடந்தது. ரிசீவர் ஓர் ஆணியில் தொங்கியது. பேட்டரி தீர்ந்திருந்தது. சூசை இடுப்பளவுத் தண்ணீரில் கட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இத ஏன் எடுத்து வெச்சிருக்கீங்க?"

"எடுத்து வெச்சாத்தான் வழி தெறந்திருக்கும்னு நெனச்சேம்ணே. ராத்திரியெல்லாம் காதுலதான் வெச்சிருந்தேன். பகல்ல கட்டை மெதந்து போயிருது, போய்க் கட்டணும்லா."

எடுத்து வைத்தால் மணி அடிக்காது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை போலும்.

பேட்டரி மாற்றினேன். ரிசீவரை மாட்டினேன். சற்று நேரத்தில் மணி.

"வந்துருச்சுண்ணே!" சிரித்தார். சிரித்தபடியே எடுத்தார்.

குட்டனின் குரல் எனக்கும் கேட்டது. டெலிபோனில் அவருக்கு எப்போதும் ஹிந்திதான். "சூசை... சவேரே சலீ கயீ." காலையில் போய்விட்டாள்.

"ஹான்" என்றார் சூசை, சரி என்பதுபோல். மறுபடி, "ஹான் ஜி." ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு ரிசீவரை அதன் இடத்தில் மாட்டினார். ஒழுங்காக.

நான் கம்பியைப் பிரிக்கக் குறடை எடுத்தபோது: "நா எடுத்து வெச்சதாலயாண்ணே?"

"இல்ல. மரம் விழுந்து கம்பி அறுந்து கெடந்துச்சு. வர்ற வழியில கட்டிட்டு வந்தேன்."

நிதாய்க்குத் தமிழ் தெரியாது. நல்லது.

கேம்ப் முனையில் மட்டும் லைனைக் கழற்றினேன்; மரங்களில் உள்ள கம்பியைப் பிறகு சுருட்டலாம். டெலிபோன் என் மடியில். திரும்பும் வழியில் சூசை படகின் முனையில். கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 14. வெள்ளி.

அடக்கம். இங்கே ஃபாதர் இல்லை. மில்லில் வேலை செய்யும் ராஞ்சிக்காரர் ஒருவர் ஹிந்தியில் ஜெபம் சொன்னார். சூசை கூடவே தமிழில் முணுமுணுத்தார். பெட்டிக்குப் பலகை மில்லிலிருந்து. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, இறைக்க இறைக்க.

மூன்று டெலிபோனும் நன்றாக இருக்கின்றன. ரேஞ்சருக்குத் திருப்தி.

ஜூன் 17. திங்கள்.

வெயில். போர்வையைக் காயப்போட்டேன். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

சூசை வந்தார். சவரம் செய்யாத முகம். டீ கொடுத்தேன்.

"தந்தி குடுத்தாச்சுண்ணே. செசிலி தம்பி அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுல இருந்து வாறான்."

"வரட்டும்."

"கடைசியா ஏன் வந்து பாக்கலன்னு கேப்பான்."

டீயை ஊதிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"அன்னிக்கு வழி பூரா கம்பியத்தான் பாத்துட்டு வந்தேன். ஒரு மரமும் விழல. ஒரு முடிச்சும் இல்ல."

அடுப்பைத் தணித்தேன்.

"அவங்கிட்டயும் மரம் விழுந்துச்சுன்னே சொல்லிருங்கண்ணே."

சரி என்றேன்.