எட்டரை மணி போன்

786
மேலப்பாளையம்

அன்பு மகன் அலி அஸ்கருக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகத்தோடும் ஈமானோடும் இருக்க ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம் அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கு அதுவரைக்கும்தான் எழுத முடிகிறது. எட்டு வருஷமாகப் போனில் பேசிவிட்டு இப்போது என்ன புதிதாகக் கடுதாசி என்று கேட்பாய். எதிர்த்தெரு நூர்முகம்மது லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குப் பயணம் வருகிறார், அவர் கையில் மாங்காய் ஊறுகாயும் முறுக்கும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இது இருக்கும். ரூமுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து படி, வண்டியில் வைத்துப் பிரிக்காதே.

உன்னிடம் நாங்கள் ஒரு பொய் சொல்லியிருக்கிறோம் மகனே. நான் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை, வாப்பா மாடிப்படியில் இடித்துக்கொள்ளவும் இல்லை. ஒரே நாளில் இரண்டு பேரும் இரண்டு இடத்தில் விழுந்தோம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், நீயும் நம்பினாய், அப்படி ஒரு வெகுளியைப் பெற்று வைத்திருக்கிறேன். போன மாசம் வள்ளியூருக்கு உன் மாமா மகள் கல்யாணத்துக்குப் போனோமே, உன் தங்கச்சி அஃப்ரா முதல் நாளே போய்விட்டாள், நானும் வாப்பாவும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் புறப்பட்டோம். நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் வைத்து வண்டி மோதிவிட்டது. பயப்படாதே, எல்லாம் எழுதுகிறேன், எழுதாமல் எனக்கும் தூக்கம் இல்லை.

வாப்பா நன்றாகத் தூங்கி எழுந்துதான் வண்டியை எடுத்தார், பெரிய வேகமும் இல்லை. எட்டரைக்கு வழக்கம்போல நீ கூப்பிட்டாய். நீ போன தடவை வாங்கி வந்த ஸ்டாண்டில் போனை மாட்டி வைத்திருந்தாரல்லவா, வீடியோவைத் தட்டிவிட்டு, "ஏலே, தாடிய எடுத்துட்டியா? எங்க, பைய திரும்பு பாப்பம்" என்று சிரித்தார். நீயும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினாய். நான் உங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். ரோட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை. காற்றாலை இறக்கை ஏற்றிய நீளமான லாரி ஒன்று பழுதாகி இடது ஓரம் நின்றிருக்கிறது, இறக்கையின் வால் லாரியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நுனியில் ஒரு சிவப்புத் துணி. அந்தச் சிவப்பை நான்தான் முதலில் பார்த்தேன், "ஏங்க" என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. வாப்பா வலதுபக்கம் ஒடித்தார், அந்த வால் என் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து என் தலைக்கு மேலே கூரையைக் கிழித்துவிட்டுப் போனது, கார் ஒரு சுற்றுச் சுற்றி நடுவில் இருக்கிற அரளிச் செடிகளுக்குள் ஏறி நின்றது.

வாப்பா ஸ்டியரிங் மேலே கவிழ்ந்து கிடந்தார், நெற்றியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. என் இடது தோளை அசைக்க முடியவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அப்போது காலுக்குக் கீழே உன் குரல் கேட்டது. "வாப்பா, என்ன சத்தம், இருட்டா இருக்கு, போன கீழ போட்டுட்டியளா? உம்மா, கேக்குதா?" என்கிறாய். உன் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு பெரிய வண்டி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. நீயும் ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்பது அந்த ஹாரனில்தான் எனக்கு உறைத்தது. நான் இங்கே கத்தினால் என் பிள்ளை அங்கே எதில் போய் மோதுவானோ என்று தலையில் போட்டிருந்த துப்பட்டியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் உன் வாப்பா மவுத்தா ஹயாத்தா என்று தெரியாது அஸ்கர், அவரை எழுப்பக்கூட நான் சத்தம் கொடுக்கவில்லை. நீ இன்னும் இரண்டு ஹலோ சொல்லிவிட்டு வைத்தாய். அரை நிமிஷம்தான் இருக்கும். நீ வைத்த பிறகுதான் நான் கத்தினேன்.

அந்த லாரி டிரைவர் மாரிராஜ் என்ற பிள்ளைதான் ஓடிவந்து, "யம்மா, அசையாதிய, அண்ணாச்சிக்கு மூச்சு இருக்கு, பயப்படாதிய" என்று கதவை நெம்பி எடுத்தான், அவனுக்காகத் துஆச் செய்யாத நாள் இல்லை. எனக்குக் காறை எலும்பு முறிவு, வாப்பாவுக்கு இரண்டு விலா எலும்பும் நெற்றியில் ஒன்பது தையலும். பெல்ட் போட்டிருந்ததால் பிழைத்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். வாப்பா ஊர் முழுக்க நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அந்த நாய் இப்போது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் மனுஷர் படுத்தால் திடுக்கென்று எழுந்து காலால் பிரேக்கை மிதிக்கிறார். எனக்கோ ஆட்டோவில் ஏறினாலும் கண்ணைத் திறக்கப் பயம்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அது தினமும் எட்டரைக்கு அடிக்கிற உன் போன் மணி. ஒரு மாசமாக அடுப்பில் பால் இருக்கிறது, வாசலில் ஆள் வந்திருக்கிறது என்று ஏதாவது சொல்லி வைத்துவிடுகிறேன். உம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று அஃப்ராவிடம் கேட்டாயாம். கோபம் என் மேல்தான். இங்கே எட்டரை என்றால் அங்கே காலை ஆறு மணி, நீ வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாதா, ஜன்னலில் மணல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், இண்டிகேட்டர் டிக் டிக் என்பதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு வருஷமாகத் தெரியும். வைத்துவிட்டு ரோட்டைப் பார் என்று ஒரு நாள் சொல்லவில்லை, சொன்னால் அந்த ஒரு மணி நேரமும் எனக்கு இல்லாமல் போய்விடுமே என்ற ஆசைதான். பெற்றவளே பிள்ளையை அப்படி ஓட்டவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், நீயும் மன்னித்துவிடு.

ரூமில் ஆறு பேர், வண்டியில்தான் மனம்விட்டுப் பேச முடியும் என்பாய். ஆறு பேரும் கேட்கட்டும், நமக்குள் என்ன ரகசியம் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு, போதும். காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறேன், கண் ரோட்டில்தான் இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே, நான் கண்ணால் கண்டவள். ராத்திரி வேலை பார்த்துவிட்டு ஓட்டாதே, கண் சொக்கினால் ஓரம் கட்டிப் பத்து நிமிஷம் தூங்கு, முதலாளி திட்டினால் திட்டட்டும்.

பயணத்தில் உன்னைக் காப்பவனிடமே உன்னை ஒப்படைத்தேன், அவன் உனக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும். வாப்பாவும் அஃப்ராவும் ஸலாம் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தினமும் காலையில் நம்மூர் நேரம் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை எங்கள் மூன்று பேர் போனையும் அணைத்துவிடப் போகிறோம். எடுக்காமல் இருக்க எனக்குத் தைரியம் கிடையாது, அதனால்தான் அணைக்கிறேன். கூப்பிட்டுப் பார்ப்பாய், மணி போகாது. உம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயம் வரும். வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பயப்படு.

இப்படிக்கு
உன் உம்மா
மைதீன் பாத்திமா