நான் தண்ணீர் விடாத குகைச் செடி

மன்னி, பார்த்தவர்கள் நான்கு பேர்: அண்ணா, உங்கள் பெண், வாத்தியார், நான். கனவு கண்டு எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது, அதனால்தான் ஆள் கணக்கை முதலில் சொல்கிறேன்.

நேற்று உங்கள் முதல் வருஷத் திவசம். பன்னிரண்டு மணிக்குப் பூஜை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அண்ணாவின் கை பட்டுத் தீர்த்தச் செம்பு கவிழ்ந்தது. அவ்வளவு தண்ணீரும் உங்கள் குகைச் செடி இருந்த தட்டில். சாப்பாடு ஆகட்டும், பிறகு துடைக்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு விடைபெற உள்ளே வந்த வாத்தியார் தட்டைப் பார்த்துத் தம் மலையாளத் தமிழில் கத்தினார்.

"எந்தா இது! உசிரிருக்கே!"

முஷ்டி மாதிரி சுருண்டு காய்ந்து கிடந்த செடி விரிந்திருந்தது மன்னி. உள்ளங்கையளவு. உள்பக்கமெல்லாம் பச்சை.

ஆந்திராப் பக்கம் குகைக் கோயிலுக்குப் போய்வந்து அதை நீங்கள் என் கையில் வைத்த நாள் ஞாபகம் வருகிறது. குகை வாசலில், வெயில் எட்டிப்பார்க்கிற சுண்ணாம்புப் பாறையில், ஒரு துளி மண்கூட இல்லாமல் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமாம். சுவாமி இடத்துச் செடியைப் பறிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "பறிக்கலை டீ, படியில உதிர்ந்து கிடந்தது" என்றீர்கள். தேங்காய் நார் உருண்டை போல இருந்தது.

"பாத்திரம் தேய்க்க ஆகும் மன்னி" என்றேன்.

"தேய்ச்சுத் தொலைச்சுடாதே. தூங்கறது கேட்டியா. தண்ணி காட்டினா எழுந்துக்கும்."

நான் காட்டவில்லை. பிரசாதம் என்று அலமாரியில் வைத்துத் தினமும் குங்குமம்தான் இட்டேன்.

பிறகு நீங்கள் படுத்தீர்கள். கஞ்சி கொண்டுவந்தால் கஞ்சியைப் பார்க்க மாட்டீர்கள். "அதுக்குத் தண்ணி விட்டயோ? அது விரிஞ்சா நானும் எழுந்துப்பேன், பாரு." இரண்டு வருஷம் காய்ந்தது எப்படி விரியும்? விரியாமல் கிடந்தால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? "வெள்ளிக்கிழமை நல்ல நாள், விடறேன் மன்னி" என்றேன். மூன்று வெள்ளிக்கிழமை அப்படிச் சொன்னேன். நான்காவதற்கு நீங்கள் இல்லை.

ஊருக்கெல்லாம் பகவானை நம்பு என்று சொல்கிறவள் நான். ஒரு செம்புத் தண்ணீரை நம்பவில்லை.

நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள். அதை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான்தான். எந்த விளக்கு ஏற்றினாலும் இந்தப் பாரம் இறங்கும் என்று தோன்றவில்லை.

உங்கள் பெண் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா இதை விரிஞ்சு பாத்திருக்காளா அத்தை?" என்றாள். அண்ணாவும் என்னைப் பார்த்தார். நான் காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்கு ஓடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெண் இடப்பள்ளியில் தன் வீட்டிலிருந்து மறுபடி வருகிறாள். கட்டாயம் கேட்பாள். அம்மா பார்த்தாள் என்று சொன்னால் அவள் மனசு ஆறும், ஆனால் பொய். பார்க்கவில்லை என்று சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். பிறகு அவள் என்னை அத்தை என்று கூப்பிடுவாளா? சன்னிதியில் பூப்போட்டுக் கேட்கவும் பயமாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள். இன்று வியாழன். ஞாயிறுக்குள் பதில் வேண்டும் மன்னி.