நீ சொன்ன விலையும் நான் கழித்துக் கொடுத்ததும்

என் ரிஃபானா,

சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ செய்யாத வேலைக்கும் காசு வாங்கியவள் என்று ஒருத்தர் நினைத்துவிட்டார். அப்படி நினைக்க வைத்தது நான்தான். வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெல்பர்ன் மேடத்தைத்தான் சொல்கிறேன். வீடு சுத்தம் செய்யும் கம்பெனி நடத்தும் அந்த அம்மாவுக்கு, எஹலியகொடையில் உங்கள் துணிக்கடை மேல்மாடியில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தோமே. மெயிலுக்குப் பதில் எழுதுவோம், எந்த ஆள் எந்த வீட்டுக்குப் போவது என்று ஒழுங்கு செய்வோம், பில் அனுப்புவோம். வெர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்று சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் விளங்காது. "புவனா கம்பியூட்டர்லயே வெள்ளைக்காரி வீட்டக் கூட்டுது" என்று பக்கத்துக் காம்பராவில் கேலி பண்ணுவார்கள். அதைச் சொன்னபோது நீ நாற்காலியிலிருந்து விழப்பார்த்தாய்.

வேலையில் பாதிக்கு மேல் நான் செய்வேன். பேச்சு முழுக்க உன்னுடையது. ஆள் பிடிப்பது, நம் பேஸ்புக் பக்கத்தில் எழுதுவது, விலை சொல்வது எல்லாம் நீ. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா? கீழே யாராவது சாரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைக்கச் சொல்லி "டிக்கக் அடு கரன்ன" என்று கேட்டால், மேலே இருந்தபடியே முடியாது என்று சிங்களத்திலேயே "பே, பே!" என்று கத்துவாய். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

ஒரு தரம் உன்னிடம் கேட்டேன், கரண்ட் போன நேரத்தையும் எழுந்து தேத்தண்ணி ஊற்றின நேரத்தையும் கழித்துவிட்டு பில் போட்டால் என்ன என்று. முறைத்தாய். "ஒனக்குப் பைத்தியமா புவனா? நாங்க நேரத்தயா விக்கிறோம்? அந்த மனுஷிட தலவலிய நாங்க வாங்கிக்கிறோம். அதுக்குத்தான் மாசத்துக்கு இவ்வளவுன்னு பேசின. தேத்தண்ணி குடிக்காம வேல செய்யச் சொல்லி அவவே சொல்லல்லயே!" என்றாய். வேலை ஒரு நாளும் மிச்சம் விழவில்லை. கரண்ட் வந்ததும் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் எழும்புவோம்.

நீ காய்ச்சல் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதியும் முடிந்துவிட்டது. அன்றைக்கு உன் உம்மா எனக்கென்று தனியாகச் சோறு எடுத்து வைத்திருந்தார். அந்த மேல்மாடிக்கு ஏற எனக்கு மனசு வரவில்லை, அதனால் இப்போது லயத்திலிருந்தே வேலை பார்க்கிறேன். கறுத்துப்போன சுவர் தெரியாமல் இருக்கப் பின்னால் ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அந்த பெட்ஷீட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் போன வாரம் மேடத்திடம் பேசினேன். அடுத்த வருஷத்துக்கான பேச்சு. "விலை இதேதானே?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், குறைக்கச் சொல்லவே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா? கரண்ட் போகும் மேடம், நெட்வொர்க் விழும் மேடம், நடுவில் எழுந்து போவேன் மேடம், அதையெல்லாம் கழித்துக்கொண்டு கொடுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நீ வந்ததில்லை. வந்திருந்தால் இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். தராசில் சாக்கை மாட்டும்போதே, கணக்கப்பிள்ளை வாயைத் திறக்கும் முன்னால், எங்கள் அம்மா "ஈரக் கொழுந்துங்கய்யா, தண்ணிக்குக் கழிச்சிக்கங்க" என்று சொல்லிவிடுவாள். நாமாகச் சொன்னால் கொஞ்சமாகக் கழிப்பார்கள், ஏச்சும் விழாது. மலையில் எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான். வெயில் காய்கிற நாளிலும் அம்மா அதையே சொல்வாள். அவளுக்குத் தராசு இருந்தது, எதிரே கணக்கப்பிள்ளை இருந்தார். ஏ.எல். படித்து இங்கிலீஷ் பேசுகிற எனக்கு எதிரே யார் இருந்தார்கள்?

மேடம், "ரிஃபானா இருந்தபோது இதையெல்லாம் கழித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை மேடம் என்றேன். "அப்படியென்றால் வேலை செய்யாத நேரத்துக்கும் சேர்த்தா என்னிடம் வாங்கினாள்?"

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸாரி மேடம்" என்றேன்.

எதற்கு அந்த ஸாரி? எனக்கே தெரியாது. எதிரே இருப்பவர் குரல் கொஞ்சம் மாறினாலே எனக்கு ஸாரி வந்துவிடும், நீயே எத்தனை தரம் திட்டியிருக்கிறாய். மேடம் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். "நீ நேர்மையானவள், நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் நம் பக்கத்தில் போடச் சொல்லி என்னைப் பாராட்டி எழுதி அனுப்பினார். கடைசியில் நம்பக்கூடிய ஓர் ஆள் கிடைத்துவிட்டாள், தன் நேரத்தைத் தானே கழித்துச் சொல்பவள் என்று எழுதியிருந்தார். அந்தக் 'கடைசியில்' யாரைக் குத்துகிறது என்று வாசித்த உடனேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் போட்டேன், ரிஃபானா. பூப்படம் எல்லாம் வைத்து அழகாகப் போட்டேன். புதிதாக இரண்டு பேர் விசாரித்து எழுதினார்கள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

பிறகு உம்மா போன் எடுத்தார். "புவனா, ஒன்னப் பத்தி அந்த வெள்ளக்காரி நல்லா எழுதி ஈக்காம். மகன் வாசிச்சுக் காட்டின. அல்ஹம்துலில்லாஹ்! எங்கட புள்ளயப் பத்தியும் ஒரு சொல்லு எழுதச் சொல்லேன். ரெண்டு பேரும் சேந்துதானே செஞ்ச?"

"சரிங்க உம்மா" என்று மட்டும் சொன்னேன். குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். யாராவது கேட்டால் சட்டி கழுவுகிறேன் என்று சொல்லலாமே.

பாராட்டை எடுத்துவிட்டேன். அந்த இரண்டு பேருக்கும் பதில் எழுதவில்லை. மேடத்துக்கு நானே போன் எடுத்தேன். நான் சொன்னது தப்பு என்றேன். பேசினது மாசத்துக்கு இவ்வளவு என்று, அந்த வேலையில் ஒன்றுகூட மிச்சம் விழவில்லை, ரிஃபானா பேசினதை மட்டும்தான் வாங்கினாள் என்றேன். இனியும் அவள் சொன்ன விலைதான் என்றும் சொன்னேன்.

"அப்படியென்றால் அன்றைக்கு ஏன் ஸாரி சொன்னாய்?" என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொழுந்து நிறுக்கிற கதையைச் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. விலையைப் பற்றி அவர் இதுவரை எதுவும் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு வேலையை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவர் வேறொன்று கேட்டார். "அந்தப் பெண்ணைத் தப்பாக நினைத்துவிட்டேன். இப்போது யாரிடம் மன்னிப்புக் கேட்பது?"

உம்மா இருக்கிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்னை உங்கள் வீட்டுக்குப் போய், உம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, மேடத்துக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சொல்லப்போவது நான்.

"உங்கள் மகள் நல்ல பிள்ளை என்று மேடம் சொல்கிறார், உம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். உம்மா அழுவார், என் தலையைத் தடவுவார், தேத்தண்ணி ஊற்றுவார். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இந்த நினைப்பு எனக்கு வராமல் இல்லை என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்படிச் செய்ய மாட்டேன், ரிஃபானா. மேடம் சொல்வதில் ஒரு சொல்லையும் விழுங்க மாட்டேன். உன்னை அவர் தப்பாக நினைத்தது யாரால் என்று, உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எல்லோரும் வாசிக்க நம் பக்கத்தில் போடுவேன். உம்மா என்னை எழும்பிப் போகச் சொன்னாலும், மேடம் பேசி முடிக்கும்வரை இருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன்.

உன் கூட்டாளி,
உன் உம்மாவின் சோற்றைத் தின்றவள்,
புவனா