சுவருக்குள் இருந்த சால்வை

அன்பு மூத்த மகனுக்கு,

இறையருளால் உன் மகள் கண் விழித்து, பால் குடித்து, என்னிடம் கோபித்துக்கொள்ளவும் தொடங்கிவிட்டாள். முதலில் அதை அறிந்துகொள். தம்பியின் இன்னொரு கையையும் ஒடிக்கப் புறப்பட்டு வருவதாகத் தொலைபேசியில் முழங்கினாயாம். வருமுன் இதைப் படி.

நீ வரைந்தனுப்பியபடியே தம்பி நம் வீட்டைச் செப்பனிட்டான். சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்குள் குளிர் தடுக்கும் பலகை, இடுக்கெல்லாம் பசை. இவ்வளவு இறுக்கிய வீட்டுக்குப் புதுக்காற்று வர ஒரே ஒரு குழாய். அது என் வழிபாட்டு அறைச் சுவரில் திறந்தது.

அன்று சமையலறையில் புகைவிசிறி ஓடிக்கொண்டிருந்தது. உன் மகள் குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்த எரிவாயு வெந்நீர்க் கலனின் நச்சுப்புகை, புகைபோக்கியில் ஏறாமல் உள்ளேயே திரும்பியது. அவள் விழுந்த சத்தம் கேட்டுத் தம்பி கதவைத் தோளால் மோதிப் பிளந்தான். தூக்கி வந்தவனைக் கூடத்தில் நான் மறித்தேன். கலனைப் பொருத்தியவன் அவன். அரைகுறையாகச் செய்துவிட்டான் என்றே முடிவுகட்டினேன். கொத்தனார் விட்டுச்சென்ற இரும்புக் கம்பி கையில் அகப்பட்டது. முதல் அடியிலேயே முழங்கை முறிந்த ஓசை எனக்குக் கேட்டது. "அடிங்கப்பா, ஆனா வழிய விடுங்க, புள்ளைக்கு மூச்சு வரல" என்றான். அவளை மார்போடு மறைத்து எனக்கு முதுகைக் காட்டினான். முதுகிலும் அடித்தேன், மகனே. தோல் கிழிந்து இரத்தம் தரையில் சொட்டியது. காலையில் அதே கையால்தான் மறைநூலின் ஏட்டைப் புரட்டியிருந்தேன்.

மூன்றாம் நாள் கலனைச் சோதிக்க வந்த மெக்கானிக், ஊதுபத்தி கொளுத்திப் புகைபோக்கியருகே பிடித்தார். விசிறியைப் போட்டதும் புகை கீழ்நோக்கிப் பாய்ந்தது. "வெளிய போற காத்துக்கு ஈடா உள்ள காத்து வரணும். வரலன்னா இந்த வழியா நஞ்ச இழுத்துக்கும்" என்றவர், அறை அறையாகத் தேடி, என் விளக்கின் பின்னிருந்த குழாயிலிருந்து ஒரு சால்வையை உருவினார். "வீட்டோட மூக்குல துணிய அடைச்ச புண்ணியவான் யாருய்யா?" என்று கேட்டார்.

கட்டுப்போட்ட கையுடன் நின்ற தம்பி, என்னைப் பாராமலே, "நான்தாண்ணே" என்றான். உன்னிடமும் அதையே சொல்லியிருக்கிறான்.

அது என் சால்வை. குழாய்க் காற்றில் சுடர் அணைந்துகொண்டே இருந்தது. எவரிடமும் சொல்லாமல் அடைத்தேன். அவன் பழியேற்றபோதும் வாய் திறவாமல் நின்றேன். கம்பியால் அடித்ததைவிட அது கொடிது.

குழாயைத் திறந்துவிட்டேன். விளக்கு அணைகிறது, மறுபடி ஏற்றுகிறேன்.

ஓங்கிய கையோடு வந்தாலும், நேரே என் அறைக்கு வா. கம்பியைக் கதவருகே சாத்தி வைத்திருக்கிறேன். தம்பிக்கு இடக்கையால் உண்ண வரவில்லை. நான் ஊட்டப் போனால் அவன் முதுகு தானாகச் சுருங்குகிறது. அவனுக்கு நீ ஊட்டிவிட இறைவன் உனக்கு மனம் அருள்வானாக.

உங்கள் இருவரின் தந்தை